காலை உடம்பு, சாயங்கால உடம்பு: எம்.எஸ். உள்ளவர்கள் எந்தக் கருவியை வாங்குவது?

முதல் கைத்தடியை நான் வாங்கியது ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. கடையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். கடைக்காரர் நாலைந்து வகை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் ஊன்றி அந்த வழவழப்பான தரையில் இரண்டு நடை போய்வந்தேன். எதுவுமே தேவையில்லை போலத்தான் இருந்தது. இருந்ததிலேயே ஒல்லியாக, மடக்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு, குரோம்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில் அதை ஊன்றியபோதுதான் தெரிந்தது, கடையில் நடந்து பார்த்தது வேறொரு ஆள் என்று.

எம்.எஸ். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கும். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே திசைமாறி அந்த உறையை அரித்துவிடுகிறது. மேலுறை உரிந்த வயரில் கரண்ட் எப்படிப் போகுமோ அப்படித்தான் அப்புறம் சேதி போகும். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். எங்கே உரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கால் இழுக்கும், கை நடுங்கும், கண் மங்கும், சிறுநீர் அவசரப்படுத்தும். இவை எல்லாவற்றுக்கும் மேல், சொன்னால் யாரும் நம்பாத ஓர் அசதி. தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை அது.

கருவி வாங்கும்போது குழப்புவது இந்த இடம்தான். கால் உடைந்தவருக்குக் காலையிலும் கால் உடைந்துதான் இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. காலை பத்து மணிக்கு நடக்கிற கால், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தரையைத் தேய்க்கும். மே மாத வெயிலில் பஸ் ஸ்டாப் வரை போனால் கால் இருக்கிற நினைப்பே போய்விடும். ஏ.சி. அறையில் அரை மணி உட்கார்ந்தால் திரும்பி வரும். அதனால் நான் கீழே ஒப்பிடுவது எல்லாமே ஒரே கேள்வியை வைத்துத்தான்: என் மோசமான நேரத்தில் இது எனக்கு உதவுமா?

வாங்கும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குத் தடுக்கியது, எவ்வளவு தூரத்தில் உட்காரத் தோன்றியது, எதைப் பிடித்துக்கொண்டீர்கள். என் குறிப்பில் ஏழு நாளில் ஐந்து நாள் பிடித்தது ஃப்ரிட்ஜின் கைப்பிடி. வீட்டுக்குள்ளேயும் தாங்கல் தேவை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்புறம், ரிலாப்ஸ், அதாவது நோய் திடீரென்று மறுபடி தாக்குவது, வந்து ஸ்டெராய்டு ஊசி ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் விலை அதிகமான எதையும் வாங்காதீர்கள். போன பலம் எவ்வளவு திரும்பும் என்பது தெரியவே வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை வாடகைக்கு எடுங்கள்.

கைத்தடியா, நாலு கால் ஸ்டிக்கா, வாக்கரா?

கைத்தடிக்கு முன் ஆறு மாதம் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தேன். வெயில் ஊரில் குடை வைத்திருப்பவனை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் அல்லவா? அதன் முனையில் ரப்பர் கிடையாது. ஒரு பூக்கடை வாசலில், ஈரமான கிரானைட் கல்லில் அது வழுக்கியது. குடைக்கம்பி மூன்று வளைந்தது, என் மணிக்கட்டு வீங்கியது. குடையை ஊன்றுகிறவர் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

கைத்தடியைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வெட்கம். "இந்த வயசுல கம்பா?" என்று அம்மா அழுதார். ஆனால் கம்பு இல்லாத 38 வயது ஆண் சாயங்காலம் தள்ளாடி நடந்தால் ஊர் என்ன நினைக்கும்? எங்கள் தெருமுனையில் டாஸ்மாக் இருக்கிறது. ஒரு நாள் பெரியவர் ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, பொழுது சாயறதுக்குள்ளயே ஆரம்பிச்சாச்சா?" கம்பு கைக்கு வந்த மறுநாள் அதே தெருவில் ஆட்டோ வேகம் குறைத்தது. பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். தாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், பார்க்கிறவனுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறதே, அதற்கே அந்த எழுநூறு ரூபாய் தகும்.

ஒற்றைக் கைத்தடி ஒரு கால் மட்டும் பலவீனமாகி, கையில் பிடி நன்றாக இருப்பவருக்குச் சரியாக வரும். பலவீனமான காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் இழுத்தால் இடது கையில். நான் முதல் ஒரு மாதம் தப்பான கையில்தான் பிடித்தேன், பிசியோதெரபி அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் கோடு எங்கே வருகிறதோ, கைப்பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான காலும் கம்பும் முதலில். அடியில் உள்ள ரப்பர் வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள், அது சில பத்து ரூபாய்ச் சமாசாரம். மடக்குகிற வகை இணைப்பில் லேசாக ஆடும். நரம்பு சொல்லும் சேதியே பாதிதான் வந்து சேர்கிறது என்னும்போது அந்தச் சின்ன ஆட்டமும் பயம் கொடுக்கும். என் மடக்குத்தடி இப்போது அலுவலக மேஜைக்குள் மாற்றுக்கம்பாகக் கிடக்கிறது. கையில் இருப்பது உயரத்தை மாற்றிக்கொள்ளும் மடங்காத அலுமினியத் தடி.

நாலு கால் ஸ்டிக் தானாகவே நிற்கும். கடையில் பணம் எடுக்கும்போது கம்பைக் கக்கத்தில் இடுக்க வேண்டாம். வீட்டு டைல்ஸ் தரையில் அது தங்கம். வெளியே வந்தால் நம் நடைபாதை எங்கே சமமாக இருக்கிறது? நாலு காலில் மூன்றுதான் தரையைத் தொடும், நாலாவது அந்தரத்தில் நிற்கும். குறுகலான படியில் அதன் அடிப்பாகமே உட்காராது. வீட்டுக்கு மட்டும் என்றால் வாங்கலாம்.

இரண்டு காலும் சோர்ந்தால் எல்போ கிரட்சஸ் என்கிற முழங்கை ஊன்றுகோல். பழைய மர ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்துத் தொங்குவதைவிட இது எவ்வளவோ மேல். கக்கத்தில் உடம்புப் பாரத்தைப் போட்டால் அங்கே போகும் நரம்பு அழுந்தி, கையும் மரத்துப் போகும். இருக்கிற நரம்புத் தொல்லை நமக்குப் போதாதா?

வாக்கரில் இரண்டு ஜாதி. சக்கரம் இல்லாத வாக்கரை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த பாட்டிக்கு அது பொருந்தும். அசதிதான் முதல் எதிரி என்கிற நமக்கு, பத்து அடிக்குள் தோள் கெஞ்சும். ரோலேட்டர் என்கிற நாலு சக்கர வகையில் பிரேக்கும் உட்கார ஒரு பலகையும் இருக்கும். எனக்கு அந்தப் பலகைதான் பெரிய விஷயம். ரேஷன் கடை வரிசையோ, பள்ளிக்கூட வாசலோ, நின்ற இடத்தில் உட்காரலாம். மூன்று எச்சரிக்கை. நடையில் தள்ளாட்டம் அதிகமென்றால் ரோலேட்டர் உங்களை முந்திக்கொண்டு ஓடும். பிரேக்கைப் பிடிக்க விரலில் பலமும் வேண்டும். நம் வீடுகளின் நிலைப்படியைத் தாண்ட அதையும் தூக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று நிலைப்படி. ஒன்றைத் தச்சர் செதுக்கி எடுத்தார், மற்ற இரண்டுக்கு இரு பக்கமும் மரச்சரிவு அடித்துக் கொடுத்தார்.

நரம்பியல் மருத்துவர்கள் எம்.எஸ். எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை 1983-ல் கர்ட்ஸ்கே என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட ஓர் அளவுகோலில் சொல்வார்கள். 0 முதல் 10 வரை. 100 மீட்டர் போக ஒரு கம்பு வேண்டுமென்றால் 6, இரு பக்கமும் தாங்கல் இருந்தால்தான் 20 மீட்டர் என்றால் 6.5. இந்த எண்ணைக் கேட்டு ஒடிந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பைத் தொட்டால் எண் ஏறிவிடும் என்று கம்பையே தொடாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த எண் டாக்டருடைய ஃபைலுக்கு. கம்பு உங்கள் இடுப்பு எலும்பு முறியாமல் இருப்பதற்கு.

பாதம் தொங்கினால்

எனக்குப் பாதம் தொங்குவதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, செருப்புத் தைப்பவர். "சார், வலது செருப்பு மட்டும் முன்னாடி தேயுதே, கவனிச்சீங்களா?" என்றார். கட்டைவிரல் பக்கம் ரப்பர் காகிதம் மாதிரி இருந்தது. ஃபுட் டிராப் என்பார்கள். அடி எடுத்து வைக்கும்போது பாதத்தின் முன்பகுதி மேலே எழாமல் தரையை உரசும். தடுக்கி விழுவதற்கு இது பெரிய காரணம்.

இதற்கு மூன்று வழி. மலிவானது, கணுக்காலில் ஒரு பட்டை கட்டி அதிலிருந்து ஷூ லேசுக்கு எலாஸ்டிக் இழுக்கிற வகை. சில நூறு ரூபாய்தான். சாயங்காலம் மட்டும் தடுக்குகிற ஆரம்பக் கட்டத்தில் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது ஏ.எஃப்.ஓ., பேச்சு வழக்கில் ஸ்பிளிண்ட். கெண்டைக்காலின் பின்புறம் இறங்கி உள்ளங்காலுக்குக் கீழே மடிகிற பிளாஸ்டிக் தாங்கி. உங்கள் காலுக்கு அச்செடுத்துச் செய்தால் சில ஆயிரம் ஆகும். கார்பன் ஃபைபரில் செய்தது எடை குறைவு, விலை பல மடங்கு. பிளாஸ்டிக் வகை நம்பிக்கையானது, சார்ஜ் கேட்காது, பழுதாகாது. அதன் குறையெல்லாம் நம் ஊரோடு சேர்ந்த குறை. வேர்க்கும், அதனால் முழங்கால்வரை பருத்திச் சாக்ஸ் கட்டாயம். இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை: ஏ.எஃப்.ஓ. ஷூவுக்குள் இருக்கும்போதுதான் ஏ.எஃப்.ஓ. நாமோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறவர்கள். வெறும் பிளாஸ்டிக்கோடு மொசைக் தரையில் நடந்தால் பனிச்சறுக்குதான். வீட்டுக்குள் போடுவதற்கென்றே ஒரு ஜோடி ஷூ வாங்கி வைத்தேன், வாசலைத் தாண்டாத ஷூ. பூஜை அறைக்கு அதோடு போகலாமா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. "விழாம இருக்கட்டும்டா, சாமி ஒண்ணும் சொல்லாது" என்று அம்மாவே முடித்து வைத்தார்.

உணர்ச்சி குறைந்த காலென்றால் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணியில் மறையாவிட்டால் செய்தவரிடம் திரும்பக் கொண்டுபோங்கள். வலிக்கவில்லையே என்று விட்டால் புண்ணாகும். அளவெடுக்கச் சாயங்காலம் போவது நல்லது, கால் வீங்குகிற நேரம் அதுதான்.

மூன்றாவது, மின்தூண்டல் பட்டை. முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி, அடியெடுக்கும் ஒவ்வொரு தடவையும் அங்குள்ள நரம்புக்கு லேசான மின்துடிப்புக் கொடுக்கும். பாதம் தானாக மேலே எழும். 1961-லேயே லிபர்சன் என்ற மருத்துவர் அமெரிக்காவில் செய்து காட்டிய யோசனை இது. எம்.எஸ்.காரர்களுக்கு இது பலிப்பதற்குக் காரணம், நமக்குப் பழுது மூளையிலும் தண்டுவடத்திலும்தான், அங்கிருந்து காலுக்கு வரும் நரம்பு நன்றாகவே இருக்கிறது. இளம்பிள்ளை வாதம் வந்த காலுக்கு இது வேலை செய்யாது, அங்கே அந்தக் கடைசி நரம்பே போயிருக்கும். பிரிட்டனில் சிகிச்சை முறைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2009-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நன்றாகச் செய்யப்பட்ட இறக்குமதிக் கருவியின் விலை லட்சத்தில் போகும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஆகாது. வலிப்பு வருகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. குதிகாலில் ஸ்விட்ச் வைக்கும் வகைக்கு ஷூ வேண்டும். காலின் சாய்வைக் கணக்கிட்டு இயங்கும் வகையை வெறுங்காலோடும் கட்டலாம், வீட்டுக்கும் கோயிலுக்கும் அதுதான் வசதி.

நான் ஒரு பிசியோ மையத்தில் நாற்பது நிமிடம் கட்டிப் பார்த்தேன். பாதம் எழுந்ததைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைப்பானேன். ஆனாலும் வாங்கவில்லை. வேர்வையில் மின்பட்டை நழுவியது, தோல் அரித்தது, பணமும் இல்லை. கையில் பணம் இருந்து, ஏ.சி.யில் வேலை பார்ப்பவராக இருந்தால் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். சோதிக்காமல் மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள். அந்தத் துடிப்பின் சுருக்கென்ற உணர்வைச் சிலரால் தாங்கவே முடிவதில்லை.

வெயிலுக்கு என்ன கருவி?

வெளிநாட்டுக் கட்டுரைகளில் குளிர்ச்சி உடுப்பு கடைசிப் பத்தியில் வரும். நம் ஊரில் அதை முன்னால் கொண்டுவர வேண்டும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே உறை உரிந்த நரம்பில் சேதி தடைபடும். 1890-ல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் குறித்து வைத்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே எம்.எஸ்.ஸைக் கண்டுபிடித்த காலம் உண்டு. சென்னைக்காரனுக்குத் தொட்டி எதற்கு, மே மாதம் போதும். நல்லவேளை, சூடு இறங்கினால் அறிகுறியும் இறங்கிவிடும், நரம்புக்குப் புதிதாகக் கெடுதல் இல்லை.

குளிர்ச்சி உடுப்பில் தண்ணீரில் நனைத்துப் போடுகிற வகைதான் விலை குறைவு. நனைத்த நீர் ஆவியாகும்போது குளிரும், மண்பானைத் தத்துவம். சென்னையில் அதுதான் சிக்கல். காற்றிலேயே ஈரம் நிரம்பியிருக்கும்போது உடுப்பு நீர் எங்கே ஆவியாகும்? அரை மணியில் வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுமந்துகொண்டு நிற்பீர்கள். கடலோர ஊர்க்காரர்கள் இதற்குச் செலவு செய்ய வேண்டாம். திருச்சி, மதுரை போல உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், காற்று காய்ந்திருக்கும் நாட்களில் இது நன்றாகவே உழைக்கும்.

ஐஸ் பொட்டலம் செருகும் உடுப்பு எந்த ஊரிலும் குளிரும். ஃப்ரீசர் வேண்டும், சுமை கூடும், தோலில் நேராகப் படக் கூடாது. மூன்றாவது வகையில் இருப்பது, 15 டிகிரி போல ஒரு குறிப்பிட்ட வெப்பத்திலேயே உறைந்து உருகும் பொருள். ஐஸ் மாதிரி சுரீரென்று தாக்காது, ஒரே அளவில் இரண்டு மணி நேரம் போலக் குளிரும். ஐஸ் நீரில் போட்டாலே மறுபடி உறைந்துவிடும் என்பதால் பவர் கட் ஊருக்கும் தோதானது. விலைதான் அதிகம்.

நான் எதையும் வாங்காமல் இரண்டு கோடைகள் ஓட்டினேன். கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஃபேனுக்குக் கீழே ஈரத்துண்டைக் கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொள்வேன். பிளாஸ்கில் ஐஸ் தண்ணீர், வழியெல்லாம் ஒவ்வொரு மடக்கு. இதற்கே இருபது நிமிட நடை கூடுதலாகக் கிடைத்தது. மூன்றாவது கோடையில்தான் உறைபொருள் உடுப்பு வந்தது. இரண்டும் கையில் இருந்தும் இன்றைக்கு ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் பிளாஸ்கைத்தான் சொல்வேன். தினமும் கையோடு வருவது அதுதான்.

வீல்சேர்: நடக்கத் தெரிந்தவர் ஏன் உட்கார வேண்டும்?

"அதுல உட்கார்ந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டே" என்ற பயமுறுத்தல் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அதை ஊதிப் பெரிதாக்கியது நானேதான். போன தை மாதம் மச்சினன் கல்யாணத்துக்கு, பார்க்கிங்கிலிருந்து மண்டபம் தூரம் என்று மனைவி ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்து வந்தாள். அரை மனதோடு உட்கார்ந்தேன். அதற்கு முந்தின மூன்று கல்யாணங்களில் தாலி கட்டுவதற்குள் வீடு திரும்பியவன் நான். இந்தத் தடவை பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் வாங்கினேன். மேடைக்கு நடந்தே ஏறி போட்டோவும் எடுத்துக்கொண்டேன். நடப்பதற்கு வேண்டிய பலத்தை நடந்து வருவதிலேயே செலவழிக்காமல் விட்டதால் கிடைத்த நடை அது.

எந்த வீல்சேர்? ஆஸ்பத்திரியில் பார்க்கிற சாதா மடக்கு வீல்சேர் எட்டாயிரம், பத்தாயிரத்தில் கிடைக்கும். எடை 15 கிலோவுக்கு மேல் இருக்கும். பின்னால் தள்ள ஆள் இருந்து, எப்போதாவது வெளியே போக மட்டும் என்றால் அது போதும், அதையும் வாடகைக்கே எடுக்கலாம். தானே தள்ளிக்கொண்டு போக அது உதவாது. எல்லோருக்கும் ஒரே அகலம், ஒரே உயரம், தோள் வலி நிச்சயம். அளவெடுத்துச் செய்யும் வீல்சேருக்குச் சென்னையிலேயே வழி உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-ல் நியோஃபிளை என்ற அளவுக்கேற்ற வீல்சேரையும், அதன் முன்னால் மாட்டினால் சாலையில் ஓடும் மோட்டார் வண்டியாக்கும் நியோபோல்ட்டையும் கொண்டு வந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். வெளியீட்டு விலையே இரண்டும் சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கை பலமாக உள்ளவர், வேலைக்குப் போகிறவர், வீட்டிலிருந்து தெருவுக்குப் படி இல்லாதவர் என்றால் என் ஓட்டு இதற்கு.

கை பலம்தான் நாம் யோசிக்க வேண்டிய இடம். முதுகெலும்பில் அடிபட்டவருக்குக் கால் போனாலும் தோள் இரும்பாக இருக்கக்கூடும். எம்.எஸ்.ஸில் அந்த உத்தரவாதம் இல்லை. காலையில் சக்கரத்தைத் தள்ளிய கை, மதியம் ஸ்பூனைத் தூக்க மறுக்கும். கை நடுக்கமோ அசதியோ பெரிதாக இருந்தால் கையால் தள்ளுகிற வீல்சேரைத் தாண்டி நேரே பேட்டரி வீல்சேருக்குப் போங்கள். அது கனமானது, மாடி ஏற்ற முடியாது, சாதாரண காரில் ஏறாது. ஆனால் ஒரு விரலில் ஓடும். இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வேறு கணக்கு. அதற்கு முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும், இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும். பார்வை இரண்டாகத் தெரிகிற நாளில் அதைத் தொடவே கூடாது.

எந்த வீல்சேர் என்றாலும் குஷனில் கஞ்சத்தனம் வேண்டாம். உணர்ச்சி குறைந்தவருக்கு அழுத்தப் புண் வருவது தெரியாது, வந்தால் மாதக்கணக்கில் படுக்கை. கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை பின்பக்கத்தைத் தூக்கியோ முன்னால் சாய்ந்தோ பாரத்தை மாற்றுங்கள்.

கை, கண், குளியலறை

கை நடுங்குகிறவருக்கென்று கனமான கரண்டியும் நடுக்கத்தை எதிர்த்துச் சமன் செய்யும் எலெக்ட்ரானிக் ஸ்பூனும் விற்கிறார்கள். எலெக்ட்ரானிக் வகை பெரும்பாலும் பார்கின்சன் போன்ற நடுக்கங்களை நினைத்துச் செய்தது. எம்.எஸ்.ஸில் நடுக்கம் வாய்க்குப் பக்கத்தில் வரும்போது பெரிதாகும், வீச்சும் அதிகம், அதனால் எல்லோருக்கும் உதவாது. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் என்பது இதில் ஒரு வரம். முழங்கையை மேஜையில் ஊன்றி, விளிம்பு உயர்ந்த தட்டில் சாப்பிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். மற்றபடி டம்ளர், டவராவுக்கு விடை கொடுங்கள். மூடியும் கைப்பிடியும் உள்ள கனமான மக் போதும். காபி ஆற்றுகிற சுகம் போனது போனதுதான்.

கண்ணுக்குத் தனிக் கருவி வாங்கும் முன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, திரையைப் படிக்கும் குரலைப் பழகுங்கள். காசில்லாமல் பாதி வேலை முடியும்.

குளியலறையில் ஒப்பிட ஒன்றுமில்லை, எல்லாமே வேண்டும். சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ரப்பர்க் கால் வைத்த நாற்காலி, வெஸ்டர்ன் கமோடு, அதற்கு மேல் உயரம் கூட்டும் இருக்கை. உறிஞ்சு ரப்பரால் ஒட்டுகிற கைப்பிடியை வாங்காதீர்கள். விழப் போகிற நொடியில்தான் அது கழன்று வரும். வெந்நீர்க் குளியல் முடித்து எழும்போது கால் மிகப் பலவீனமாக இருக்கும் என்பதால் துண்டும் கம்பும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரவில் சிறுநீர் அவசரம் உள்ளவர்களுக்குக் கட்டிலருகில் ஒரு யூரினல் பாட்டில். வெட்கப்பட ஒன்றுமில்லை, இருட்டில் பாத்ரூமுக்கு ஓடி விழுந்த கதைகள் எங்களுக்குள் ஏராளம்.

காசும் காகிதமும்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் எம்.எஸ். பெயர் சொல்லியே இருக்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மத்திய அரசின் அடிப் (ADIP) என்கிற உதவி உபகரணத் திட்டத்திலும், மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலும் உபகரணம் கேட்கலாம். தமிழ்நாட்டில் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்குரிய பிரிவுகளிலும் எம்.எஸ். உண்டு. மாவட்ட அலுவலகத்தில் அந்தச் சமயம் என்ன தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கான்பூரின் அலிம்கோ நிறுவனம் தயாரிக்கும் பொருட்கள்தான் முகாம்களில் அதிகம் வரும். உறுதியானவை, கொஞ்சம் கனமானவை.

சான்றுக்குப் போவதற்கும் சாயங்கால உடம்பு விதி பொருந்தும். நான் காலை ஒன்பது மணிக்கு, ஏ.சி. காரில், தூங்கி எழுந்த தெம்போடு போய் நின்றேன். "நல்லாத்தானே நடக்கறீங்க?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். அடுத்த தடவை நரம்பியல் மருத்துவரின் கடிதம், எம்.ஆர்.ஐ. அறிக்கை, கூடவே செல்போனில் மனைவி எடுத்த சாயங்கால வீடியோ ஒன்று. வீடியோவை அவர் இரண்டு தடவை பார்த்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985-லிருந்து இயங்குகிறது, சென்னையிலும் கிளை உண்டு. எந்தக் கருவி யாருக்கு உழைத்தது என்று ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்தியவரிடமே கேட்கலாம். கடைக்காரரிடம் கேட்பதைவிட அது மேல்.

இப்போது எங்கள் வீட்டில் பேச்சு, வாடகை வீல்சேரைத் திருப்பிக் கொடுப்பதா, சொந்தமாக ஒன்று வாங்குவதா என்பது. மெரினாவில் மணலுக்கு மேல் கடலை நோக்கி மரப்பாதை போட்டிருக்கிறார்களே, 2022-ல் திறந்தது, அதில் போன மாதம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்வந்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கடல் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வாங்கிவிடலாம் என்று மனைவி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். நேற்று டேப் எடுத்து அளந்தோம். வீல்சேரின் அகலம் 25 அங்குலம், பாத்ரூம் கதவு 24. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.